கடனும் இரக்கமும்

சென்ற கோடை விடுமுறையில், எம் பாட்டனாரின் ஏவலின்படி, யாம் சேலத்தினின்று நாமக்கல் செல்லும் பஸ்ஸில் ஏறினோம். புதுச்சத்திரத்தை அடுத்த சிற்றூரில் வாழும் உழவர் ஒருவரிடம் நிலுவை வட்டியை வாங்கி வருதலே எமக்கிட்ட பணி. பையில் அவர் கையொப்பமிட்ட புரோநோட்டு ஒன்றும், வழியிற் படித்தற்பொருட்டு வேதாகமமும் இருந்தன. இவ்விரண்டும் ஒரே பையிற் கிடந்தமையால் எழுந்த எண்ணங்களையே ஈண்டு எழுதத் துணிந்தோம்.

மல்லூரைக் கடந்தபின் சாலையின் இருமருங்கும் மரவள்ளித் தோட்டங்கள். இப்பக்கத்தார் குச்சிக்கிழங்கு என்பர். அது விளைய ஏறக்குறையப் பத்துத் திங்களாகும். நட்ட நாள்தொட்டு ஜவ்வரிசி ஆலைக்கு வண்டியேற்றும் நாள்வரை உழவனுக்குச் செலவு உண்டு, வரவு இல்லை. இடையில் கிணறு வற்றினால் கடனன்றி வேறு வழியில்லை. எம் பாட்டனார் கொடுத்ததும் கிணற்றை ஆழப்படுத்தவே. அசல் 40,000 ரூபாய். வட்டி நூற்றுக்குத் திங்கள் ஒன்றுக்கு 2 ரூபாய். பொழுது போகாமையால் நோட்டின் பின்புறத்து வரவுகளைக் கூட்டினோம். பத்தாண்டுகளில் அவ்வுழவர் செலுத்தியது 83,500 ரூபாய். எனினும் கணக்குப்படி வட்டியில் 12,500 நிலுவை; அசலோ ஒரு காசும் குறையாமல் நின்றது.

நீதியாவது கொடுத்ததைக் கேட்டு வாங்குதல், இரக்கமாவது கேளாது விடுதல். ஆகவே ஒன்று வரும்போது மற்றொன்று விலகும் என்றே யாம் அதுகாறும் எண்ணியிருந்தோம். உபாகமத்தின் 24ஆம் அதிகாரம் அவ்வெண்ணத்தை அசைத்தது. மாவரைக்கும் திரிகைக்கல்லை அடகாக வாங்கலாகாது. அது பிழைப்பையே வாங்குவதாகும். கடன் கொடுத்தவன் அடகை எடுக்கக் கடனாளியின் வீட்டினுள் புகலாகாது; வெளியே நிற்றல் வேண்டும். ஏழையின் போர்வையை அடகாகப் பெற்றால், அவன் போர்த்துத் துயிலுமாறு பொழுது சாயுமுன் திருப்பிவிட வேண்டும். இவ்வாறு திருப்புதலை மோசேயின் சட்டம் இரக்கம் என்று கூறவில்லை. நீதி என்றே கூறுகின்றது! எபிரேய மூலத்தில் அச்சொல் ‘செதாக்கா’ என்பதாம். நீதியைக் குறித்த அதே சொல்லைப் பிற்கால யூதர் ஏழைகளுக்கு இடும் தருமத்திற்கும் வழங்கலாயினர்.

15ஆம் அதிகாரம் இன்னும் ஒருபடி மேற்செல்கின்றது. ஏழாண்டுக்கொருமுறை இஸ்ரவேலர் தம் இனத்தார்பட்ட கடனை விட்டுவிட வேண்டும். கொடுத்தவனுடைய மனம் இளகும்வரை கடனாளி காத்திருக்க வேண்டுவதில்லை. இரக்கம் நாட்காட்டியில் ஏறிவிட்டது. ஆனால் மனிதர் சூழ்ச்சியுடையவர். விடுதலையாண்டு நெருங்கியபோது செல்வர் கடன் கொடுக்க மறுத்தமையின், ஹில்லேல் என்னும் யூத அறிஞர், கடன்களை நீதிமன்றத்தாரிடம் ஒப்புவித்துப் பின்னும் வசூலிக்க வழிசெய்யும் பத்திரமொன்றை ஏற்படுத்தினார் என்று மிஷ்னா நூல் கூறும். ஏழைக்குக் கடன் கிடைக்கவேண்டுமென்றே ஏழைக்குரிய சட்டத்தைத் தளர்த்தினர். இதனைக் குறைகூற எமக்கு மனமில்லை.

இதே வழக்கு எம் நாட்டிலும் எழுந்ததுண்டு. சேலத்தில் 1900 முதல் வக்கீல் தொழில் நடத்தியவரும், 1925இல் திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமம் நிறுவியவருமான சி. இராஜகோபாலாச்சாரியார், சென்னை மாகாணத்தின் பிரதம மந்திரியாயிருந்த காலத்தில், 1938ஆம் ஆண்டின் விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம் வந்தது. 1932 அக்டோபர் முதல் நாளுக்கு முற்பட்ட கடன்களில், 1937 அக்டோபர் முதல் நாளன்று நிலுவையாய் நின்ற வட்டி முழுதும் நீங்கியது. அசலும் வட்டியுமாக அசலின் இருமடங்கு ஏற்கெனவே செலுத்தியிருந்தால் அக்கடனே தீர்ந்ததாயிற்று. புதிய கடனுக்கு ஆண்டு வட்டி நூற்றுக்கு 6¼ என வரையறுக்கப்பட்டது. ஒப்பந்தத்தை அரசு முறிக்கின்றது என்றும், இனி உழவனுக்கு எவரும் கடன் கொடார் என்றும் எதிர்ப்புரை எழுந்தது. ஹில்லேல் கேட்டறிந்த அதே முறையீடு! அச்சட்டம் எம் கையிலிருந்த நோட்டுக்கு உரியதன்று. ஆயினும் அதன் அளவுகோலால் அளந்தோம். இருமடங்கு 80,000, உழவர் அதனைத் தாண்டிவிட்டார்.

தமிழ் பயில்வோர்க்கு ஒரு சொல். ‘கடன்’ என்பது நம் மொழியில் வாங்கிய பொருளையும் குறிக்கும், ஆற்றவேண்டிய கடமையையும் குறிக்கும். புறநானூற்றில் பொன்முடியார் தாய்க்கும் தந்தைக்கும் கொல்லனுக்கும் வேந்தனுக்கும் உரிய கடமைகளை இச்சொல்லாலேயே வகுக்கின்றார். கர்த்தருடைய ஜெபத்தை மத்தேயு எழுதும்போது மன்னிக்கப்படவேண்டியவற்றைக் கடன்கள் என்றே எழுதுகின்றார். லூக்கா பாவங்கள் என்கின்றார். எம் இல்லத்தில் இரவுதோறும் சொல்லப்படுவது மத்தேயுவின் வாசகம்.

மத்தேயு 18இல் வரும் ஊழியன் அரசனுக்குப் பட்டது பதினாயிரம் தாலந்து. அவனிடம் உடன் ஊழியன் பட்டது நூறு வெள்ளிப்பணம். தாலந்து ஒன்றுக்கு ஏறத்தாழ 6,000 வெள்ளிப்பணம். வெள்ளிப்பணம் ஒன்று கூலியாளின் ஒருநாட் கூலி. நூறுநாட் கூலி சிறுதொகையன்று என்பதை ஈண்டு நோக்குக. அதைக் கேட்க அவனுக்கு உரிமையும் இருந்தது. அவ்வுரிமையைப் பற்றிக்கொண்டு உடன் ஊழியனின் தொண்டையைப் பிடித்தமையே அவன் குற்றம்.

ஊரை அடைந்தபோது நண்பகல். “உள்ளே வாங்க, தம்பி” என்றார் உழவர். வெளியே நிற்கும் விதி நினைவிற்கு வந்தமையின், “திண்ணையிலேயே உட்காருகிறேன், ஐயா” என்றோம். அவர் மனைவியார் மோர் கொணர்ந்தார். “ஐப்பசிக்குமேல் கிழங்கு பிடுங்கினதும் கொடுத்துவிடுகிறேன், தாத்தாகிட்டச் சொல்லுங்க” என்றார் அவர். வட்டியை விட்டோம் என்று கூற எமக்கு நாவெழுந்தது. ஆனால் பணம் எம்முடையதன்று. பிறர் பொருளைக்கொண்டு இரங்குதல் எளிது. லூக்கா 16இல் வரும் கணக்கன் அவ்வாறே நூறை ஐம்பதாக்கினான். வாளாதிருந்தோம்.

வீடு திரும்பிக் கூட்டுத்தொகையைப் பாட்டனாரிடம் கூறினோம். “நான் கொடாதிருந்தால் அவருக்குக் கிணறு ஏது?” என்றார். அதுவும் மெய்யே. பின்னர் மூக்குக்கண்ணாடியை அணிந்து நோட்டின் பின்புறத்தைத் தாமே இருமுறை கூட்டி, “கூட்டல் சரிதான்” என்று பெட்டியில் வைத்துப் பூட்டினார். ஐப்பசியும் கார்த்திகையும் கழிந்தன. எம்மை மீண்டும் அவ்வூருக்கு அனுப்பவில்லை, நோட்டும் கிழிக்கப்படவில்லை.