கணினியின் இணைய இணைப்பு நிலையை மென்பொருள் அறியும் முறை

முன்னுரை

கணினி இணையத்தோடு இணைந்துள்ளதா என்பதைத் திரையின் ஓரத்தில் தோன்றும் சிறு குறியீட்டைக் கொண்டே பயனர் அறிகிறார். பல செயலிகளும் இயங்குதளம் தரும் அதே தகவலைச் சார்ந்தே செயற்படுகின்றன. ஆயின் அத்தகவல் சில சான்றுகளிலிருந்து உய்த்துணரப்படுவதே ஆகும். விண்டோஸ் இயங்குதளத்தை முதன்மை எடுத்துக்காட்டாகக் கொண்டு, அம்முறையையும் அதன் வரம்புகளையும் இக்கட்டுரை விளக்குகிறது.

இணைப்பின் நிலைகள்

விண்டோஸ் 10 தன் செயலிகளுக்கு இணைப்பை நான்கு நிலைகளாகப் பகுத்து அறிவிக்கிறது. அவை: இணைப்பின்மை, உள்ளூர் அணுகல், வரம்புக்குட்பட்ட இணைய அணுகல், முழு இணைய அணுகல் என்பன. கம்பி பொருத்தப்பட்டிருப்பதும் ஐபி முகவரி கிடைத்திருப்பதும் உள்ளூர் வலையமைப்புக்கு மட்டுமே சான்றாகும். திசைவிக்கு அப்பால் வழி உண்டா என்பதை அவை காட்டா. விடுதி, விமான நிலையம் போன்ற இடங்களில் கடவுச்சொல் கேட்கும் நுழைவுப் பக்கத்தைக் கடக்கும் வரை கிடைப்பது மூன்றாம் நிலையாகும்.

சோதனை முறை

விஸ்டா பதிப்பு முதல் இப்பணிக்கெனத் தனி உறுப்பொன்று விண்டோஸில் உள்ளது. அது மைக்ரோசாப்டின் வழங்கியிலிருந்து ஒரு சிறு உரைக்கோப்பை எச்டிடிபி வழியே கேட்கிறது. குறித்த ஒரு களப்பெயருக்கு 131.107.255.255 என்னும் முகவரி விடையாகக் கிடைக்கிறதா என்றும் பார்க்கிறது. கோப்பில் முன்பே வரையறுத்த சொற்றொடர் இருத்தல் வேண்டும். நுழைவுப் பக்கம் எக்கோரிக்கைக்கும் தானே விடை தரக்கூடுமாதலின், விடை வந்தது என்பது மட்டும் போதாது. எதிர்பார்த்த விடையே வந்ததா என்பதே அளவுகோல். ஆண்ட்ராய்டு இதே நோக்கில், உள்ளடக்கமற்ற விடையைக் குறிக்கும் 204 என்னும் நிலைக்குறியீட்டை எதிர்பார்க்கிறது.

வரம்புகள்

நிறுவனத்தின் தீயரண் சோதனை வழங்கியைத் தடுத்தால், பிற தளங்கள் இயங்கும்போதும் ‘இணையம் இல்லை’ என்னும் அறிவிப்பு தோன்றக்கூடும். மாறாக, சோதனை வழங்கி விடையளித்தாலும் பயனருக்குத் தேவையான தளம் செயலிழந்திருக்கலாம். மேலும், ஒவ்வொரு சோதனையும் கணினியின் பொது ஐபி முகவரியை அவ்வழங்கியை நடத்துவோர்க்குத் தெரிவிக்கிறது. நுழைவுப் பக்கம் இருப்பதை வலையமைப்பே கணினிக்கு அறிவிக்கும் நெறிமுறை 2020இல் வெளியிடப்பட்டது. எனினும் வலையமைப்பு அதனைப் பின்பற்றினால் மட்டுமே அது பயன்தரும்.

முடிவுரை

இணைப்பு நிலை என்பது ஒரு குறித்த கணத்தில், ஒரு குறித்த வழங்கியை எட்ட முடிந்ததா என்பதற்கான சான்றே. அடுத்த கோரிக்கை வெற்றி பெறும் என்பதற்கான உறுதியன்று. களஆய்வுத் தரவுகளைப் பதிவேற்றும் செயலி இவ்வேறுபாட்டைக் கருதாது, குறியீட்டை நம்பிக் கணினியிலுள்ள படியை அழிக்குமாயின், திரட்டிய தரவு மீளாது போகலாம். உரிய வழங்கியிடமிருந்து பெற்றுக்கொண்டமைக்கான ஒப்புகை வரும்வரை தரவைக் கணினியிலேயே காப்பதே முறையாகும்.