குழி முகத்தில் இருக்கிறது!

பரவை மார்க்கெட் டீக்கடையில் 'குழிவிரியன்' என்று வாயெடுத்தேன். மூட்டை இறக்கிவிட்டு வந்த அண்ணன் ஒருவர் சட்டென்று, "குழிக்குள்ள கெடக்குமே, அதுதானே? நம்ம கம்மாக்கரையில நெறையா இருக்கே தம்பி!" என்றார்.

ஊஹூம். மதுரைச் சமவெளியில் பயப்பட வேண்டிய நால்வர் (சைவ சமயக் குரவர்கள் அல்ல!) நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன். குழிவிரியனைப் பார்க்க மேற்கே மலை ஏற வேண்டும். குழி இருப்பதோ அதன் முகத்தில்! கண்ணுக்கும் மூக்குக்கும் நடுவே பக்கத்துக்கு ஒன்று. உள்ளே மெல்லிய ஜவ்வு. எலியின் உடம்புச் சூடு அதில் பட்டால் போதும், கும்மிருட்டிலும் மூளைக்குத் தந்தி பறந்துவிடும். இந்தச் சூட்டை உணரும் புரதத்தை 2010-ல் டேவிட் ஜூலியஸ் குழுவினர் கிலுகிலுப்பைப் பாம்பிடம் கண்டுபிடித்தார்கள். (அவருக்கு 2021-ல் நோபல் பரிசு.) கடுகு நெடி ஏறும்போது நமக்குச் சுரீர் என்கிறதே, அதை உணர்த்துவதும் இதே புரதத்தின் மனித வடிவம்தான்.

மலையில் பச்சை நிறக் குழிவிரியன்கள் உண்டு. பார்க்க அழகு. எனக்குக் கவலை, எடுப்பு மூக்கோடு இருக்கும் பழுப்பு நிறச் சின்னவனைப் பற்றித்தான். ஒன்றரை அடி இருந்தாலே பெரிது. முட்டையிடாது, குட்டி போடும். குட்டி தன் வால் நுனியைப் புழு மாதிரி நெளித்துக் காட்டி இரையை வரவழைக்கும். பலே கில்லாடி! காபி, ரப்பர் தோட்டங்களில் சருகோடு சருகாகக் கிடக்கும். மிதித்த பிறகுதான் தெரியும். இலங்கையில் அதிகம் பேரைக் கடிக்கும் விஷப்பாம்பு இதுதான்.

கம்பம், போடியிலிருந்து விடிகாலையில் ஜீப்பில் அடைந்துகொண்டு கேரளத் தோட்டங்களுக்குப் போகிறார்களே, அந்தப் பெண்கள் கால் வைப்பதும் இதே மாதிரிச் சருகில்தான்.

நம் ஆஸ்பத்திரிகளில் இருக்கும் விஷமுறிவு மருந்து, மேலே சொன்ன நால்வருக்காகத் தயாரானது. மாமல்லபுரம் பக்கம் வடநெம்மேலியில் 1978 முதல் இயங்கும் இருளர் கூட்டுறவு சங்கம் விஷம் எடுப்பதும் அந்த நாலு பாம்பிடம்தான். எடுப்பு மூக்கனிடம் இந்த மருந்து பலிக்காது. இவனைச் சுருட்டை என்று நினைத்து மருந்து ஏற்றிய கதையைக் கேரள டாக்டர்கள் 2007-ல் ஆதாரத்தோடு எழுதினார்கள். ரத்தம் உறையாமல் போகலாம், கிட்னி பழுதாகலாம். டயாலிசிஸ் வரை போனவர்கள் உண்டு.

அதனால், கடிபட்டவர் ஆஸ்பத்திரிக்குப் போனதும் எந்த மலை, எந்தத் தோட்டம், பாம்பு என்ன நிறம் என்று டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும். பாம்பைத் தேடிப் பிடித்துப் பையில் போட்டு எடுத்துப் போகிற வீரமெல்லாம் வேண்டாம். அது இன்னொருவரையும் கடித்து வைக்கும்.

"அப்ப நம்ம கம்மாயில கெடக்குறது?" என்றார் அண்ணன், டீ கிளாஸை வைத்துவிட்டு.

"கண்ணாடி விரியனா இருக்கும்ணே. அதுக்கு மருந்து இருக்கு. ஆனா ராத்திரி டார்ச் இல்லாம போகாதீங்க!"