சொகுசு கார் சர்வீஸ்: கம்பெனியிலயா, வெளியிலயா?

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சுருக்கி, திருத்தியிருக்கிறோம்.)

போன மாசம் ஒரு சனிக்கிழமை காலையில சித்தப்பாகிட்ட இருந்து போன். "டேய், 84,000 ரூபாய் எஸ்டிமேட் அனுப்பியிருக்காங்கடா. கார்ல ஒரு சத்தம் இல்ல, ஒரு ரிப்பேர் இல்ல. வெறும் சர்வீஸ். நீ இன்ஜினியர்தானே, இதைப் பாத்துச் சொல்லு"ன்னார். நான் எழுதுறது சாஃப்ட்வேர், கார் இல்ல. ஆனா நம்ம வீடுகள்ல இன்ஜினியர்னா ஃபேன்ல இருந்து கார் வரைக்கும் எல்லாம் நம்ம தலையிலதான்.

சித்தப்பா பத்தி ரெண்டு வரி. வீடு திருமுல்லைவாயல். அம்பத்தூர் எஸ்டேட்ல சின்னதா ஒரு சிஎன்சி யூனிட் வெச்சிருக்கார், ஆறு மெஷின், பிரேக் பாகங்களுக்கு டர்னிங் வேலை. ரெண்டு வருஷம் முன்னாடி 2020 மாடல் ஜெர்மன் செடான் ஒண்ணு, பிஎஸ்6 டீசல், செகண்ட் ஹேண்ட்ல வாங்கினார். வாரண்டி முடிஞ்ச வண்டி. வாங்குறப்போ புது இன்னோவாவை விடக் கம்மி விலை. பராமரிப்புச் செலவு மட்டும் அந்தக் கார் புதுசா இருந்தப்போ என்ன விலையோ அதுக்கு ஏத்த மாதிரிதான் வரும். இதை செகண்ட் ஹேண்ட்ல சொகுசு கார் வாங்குற எல்லாரும் முதல் சர்வீஸ்லதான் கத்துக்கிறாங்க.

போன வருஷம் நடந்தது

இந்த எஸ்டிமேட்டுக்கு அவர் ஏன் இவ்வளவு பதறினார்னு புரியணும்னா போன வருஷக் கதையைச் சொல்லணும். பின்பக்க பிரேக் பேட் தேஞ்சிடுச்சுன்னு டேஷ்போர்டுல எச்சரிக்கை வந்தது. கம்பெனி சர்வீஸ் செண்டர்ல சொன்ன விலையைக் கேட்டுட்டு, எங்க குடும்பத்துல இருபது வருஷமா வண்டி பாக்குற மெக்கானிக் அண்ணன்கிட்டயே கொடுத்துட்டார். சுமார் 6,000 ரூபாய் மிச்சம்.

அண்ணன் நல்ல வேலைக்காரர். எங்க பழைய மாருதியைக் கண்ணை மூடிக்கிட்டுப் பிரிச்சு மாட்டுவார். ஆனா இந்தக் கார்ல ஹேண்ட் பிரேக் லீவர் கிடையாது, பட்டன்தான். பின் சக்கரத்து காலிப்பர்லயே ஒரு குட்டி மோட்டார் உட்கார்ந்திருக்கு, அதுதான் பிஸ்டனைத் தள்ளிப் பிடிக்குது. புது பேட் மாட்டணும்னா முதல்ல ஸ்கேனரை மாட்டி, 'சர்வீஸ் மோடு' போட்டு, அந்த மோட்டாரையே பின்னாடி இழுக்க வைக்கணும். அண்ணன்கிட்ட அந்த ஸ்கேனர் இல்ல. வழக்கம்போல கிளாம்ப் போட்டு பிஸ்டனை அமுக்கினார். உள்ள கியர் உடைஞ்சுது. புது காலிப்பர், வேலைக்கூலி எல்லாம் சேர்த்து 42,000 ரூபாய்.

அண்ணன் "நான் பாதி தர்றேன்"னார். சித்தப்பா வாங்கல. "அவன்கிட்ட இல்லாத கருவிக்கு வேலை கொடுத்தது நான்தானே"ன்னார். இன்னிக்கு நான் சொல்லப்போற முழு விஷயமும் அந்த ஒரு வாக்கியத்துலயே இருக்கு.

கைத்திறமைக்கு இங்க பஞ்சமா?

யோசிச்சுப் பாருங்க. நாம இருக்கிறது எந்த ஏரியா? பாடியில 1961ல லூகாஸ் டிவிஎஸ், 1962ல பிரேக்ஸ் இந்தியா. அம்பத்தூர் தொழிற்பேட்டை 1964ல இருந்து ஓடுது. ஆவடியில கனரக வாகனத் தொழிற்சாலை டாங்கியே செய்யுது. பூந்தமல்லி தாண்டினா இருங்காட்டுக்கோட்டையில ஹூண்டாய். உலகத்துல ஓடுற எத்தனையோ கார்களுக்குப் பாகம் செஞ்சு அனுப்புற ஊர்ல, ஒரு காருக்கு பேட் மாத்த ஆள் இல்லையா? ஆள் இருக்காங்க. அவங்களுக்குக் கிடைக்காம போனது ரெண்டு விஷயம்: அந்தக் காரோட தகவலும், அதைத் தொடுறதுக்கான கருவியும்.

இது தற்செயலா நடந்தது இல்ல. இதுக்குப் பின்னாடி பெரிய வழக்கே இருக்கு.

2,544 கோடி வழக்கு

2011ல ஷம்ஷேர் கட்டாரியாங்கிறவர் இந்தியப் போட்டி ஆணையத்துல ஒரு புகார் கொடுத்தார். கார் கம்பெனிகள் ஒரிஜினல் ஸ்பேர் பார்ட்ஸையும், டயக்னாஸ்டிக் கருவிகளையும், ரிப்பேர் தகவல்களையும் தங்களோட டீலர்களுக்கு மட்டும் கொடுத்து, வெளி ஒர்க்‌ஷாப்களுக்குக் கொடுக்க மறுக்கிறாங்கங்கிறதுதான் புகார். மூணு கம்பெனி மேல ஆரம்பிச்ச விசாரணை விரிஞ்சு, 2014 ஆகஸ்ட் 25ல 14 கம்பெனிகளுக்கு மொத்தம் 2,544.65 கோடி ரூபாய் அபராதம் விழுந்தது. அதுல மெர்சிடிஸ்-பென்ஸ் இந்தியாவுக்கு 23.08 கோடி, பிஎம்டபிள்யூ இந்தியாவுக்கு 20.41 கோடி.

ஆணையம் பார்த்த கோணம் எனக்குப் பிடிச்சிருந்தது. ஷோரூம்ல கார் வாங்குற வரைக்கும் உங்களுக்குப் பத்து பிராண்ட் இருக்கு. வாங்கினதுக்கு அப்புறம்? அந்தக் காருக்கு அந்தக் கம்பெனி பாகம்தான். சாஃப்ட்வேர்ல இதை வெண்டர் லாக்-இன்னு சொல்வோம். அதனால ஒவ்வொரு பிராண்டோட ஸ்பேர் பார்ட்ஸும் தனிச் சந்தை, அந்தச் சந்தையில அந்தக் கம்பெனிதான் ராஜான்னு ஆணையம் முடிவு பண்ணுச்சு.

நமக்கு முக்கியமான பகுதி இதுதான்: வெளி ஒர்க்‌ஷாப்ல வேலை செஞ்சா வாரண்டி மொத்தமா ரத்துங்கிற பொத்தாம்பொதுவான நிபந்தனை போடக்கூடாது. வெளியில செஞ்ச தப்பான வேலையால ஒரு சேதம் வந்திருந்தா, அந்தச் சேதத்தோட அளவுக்கு மட்டும் வாரண்டியை மறுக்கலாம்.

கம்பெனிகள் சும்மா இருக்கல, பல மன்றங்களுக்குப் போனாங்க. 2016 டிசம்பர்ல மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் டயோட்டா, ஃபோர்டு, நிசான் விஷயத்துல ஆணையத்தோட முடிவை ஏத்துக்கிட்டு, அபராதத்தை மட்டும் குறைச்சது. அமெரிக்காவுல இதே மாதிரி வாரண்டி சட்டம் 1975லயே வந்துடுச்சு. நம்ம ஒன்றிய அரசு 2022 டிசம்பர் 24ல 'ரைட் டு ரிப்பேர்' போர்ட்டல் தொடங்கினப்போ அதுல ஆட்டோமொபைலும் ஒரு துறை.

ஆனா நடைமுறைன்னு ஒண்ணு இருக்கு. வாரண்டி இருக்கிற வண்டியை வெளியில கொடுத்துட்டு, அப்புறம் இன்ஜின்ல பிரச்சினைன்னு போனா, "இது யாரால வந்துச்சு"ங்கிற வாக்குவாதத்துல மாசக்கணக்கா வண்டி நிக்கும். எக்ஸ்டெண்டட் வாரண்டி, சர்வீஸ் பேக்கேஜ் எல்லாம் நீங்க தனியா காசு கொடுத்துப் போட்ட ஒப்பந்தம். அதோட நிபந்தனைகளைப் படிக்காம வண்டியை வெளியில விடாதீங்க.

எந்த வேலைக்கு என்ன தேவை?

சித்தப்பாவோட எஸ்டிமேட்டை நான் ஒரு ஷீட்ல போட்டேன். ஒவ்வொரு வேலைக்கும் ஒரே கேள்வி: இதுக்கு என்ன கருவி, என்ன தகவல் வேணும்?

இன்ஜின் ஆயில். கேன்ல '5டபிள்யூ-30'னு போட்டிருந்தா போதாது, அது ஆயிலோட தடிமனை மட்டும்தான் சொல்லும். கம்பெனியோட அங்கீகார எண் வேணும். பிஎம்டபிள்யூன்னா லாங்லைஃப்-04 மாதிரி, மெர்சிடிஸ்னா 229.52 மாதிரி, ஃபோக்ஸ்வாகன் குரூப்னா 504/507 மாதிரி. உங்க மாடலுக்கு எந்த எண்ங்கிறது ஓனர்ஸ் மேனுவல்லயே இருக்கும். பிஎஸ்6 டீசல்ல புகைக்கரியைப் பிடிக்கிற ஃபில்டர் ஒண்ணு இருக்கு. சாம்பல் அதிகம் விடுற ஆயில் ஊத்தினா அது நாளடைவுல அடைச்சுக்கும், மாத்துறதுக்கு லட்சத்துல செலவாகும். சரியான ஆயிலும் ஃபில்டரும் இருந்தா இந்த வேலையை நல்ல ஒர்க்‌ஷாப் எதுவும் செய்யலாம்.

பிரேக் ஃப்ளூயிட். இது காத்துல இருக்கிற ஈரத்தை இழுத்துக்கும். டாட் 4 ஃப்ளூயிட் புதுசா இருக்கும்போது குறைஞ்சது 230 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் ஏறினா அந்த அளவு 155 டிகிரிக்கு இறங்கிடலாம். அதனாலதான் வண்டி ஓடினாலும் ஓடாட்டியும் ரெண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாத்தச் சொல்றாங்க. நம்ம சென்னை ஈரப்பதத்துக்கு இதைத் தள்ளிப்போடாதீங்க.

பிரேக் பேட், பேட்டரி. இதுக்கு ஸ்கேனர் கண்டிப்பா வேணும். பேட் கதையைக் கேட்டுட்டீங்க. பேட்டரியும் அப்படித்தான். பிஎம்டபிள்யூ மாதிரி கார்கள்ல புது பேட்டரி போட்டா, "புதுசு போட்டாச்சு"ன்னு கம்ப்யூட்டர்ல பதிவு பண்ணணும். இல்லன்னா பழைய பேட்டரின்னே நெனச்சு சார்ஜ் பண்ணிக்கிட்டு இருக்கும்.

சாஃப்ட்வேர் அப்டேட், சாவி புரோகிராமிங், ரீகால். இதெல்லாம் கம்பெனி சர்வீஸ் செண்டர்தான். ரீகால் வேலைக்கு உங்ககிட்ட காசு வாங்க மாட்டாங்க, இதுக்கு முன்னாடி எங்க சர்வீஸ் விட்டிருந்தாலும். சேசிஸ் நம்பரைச் சொல்லி ஏதாவது பாக்கி இருக்கான்னு கேளுங்க. ஹைப்ரிட், எலக்ட்ரிக் வண்டியோட ஹை-வோல்டேஜ் பக்கம் எதுவா இருந்தாலும், அதுக்குப் பயிற்சி எடுத்த ஆள் இல்லாத இடத்துல தொட விடாதீங்க.

84,000ஐப் பிரிச்சோம்

அடுத்து எஸ்டிமேட்டோட ஒவ்வொரு வரியையும் மேனுவல்ல இருக்கிற சர்வீஸ் அட்டவணையோட ஒப்பிட்டேன். இன்ஜெக்டர் கிளீனிங், ஏசி சானிடைசேஷன், அடிப்பக்கக் கோட்டிங், இன்டீரியர் பாலிஷ்னு 27,500 ரூபாய்க்கு அட்டவணையிலயே இல்லாத ஐட்டங்கள். சித்தப்பா போன் பண்ணி, "தம்பி, மேனுவல்ல இருக்கிறது மட்டும் போதும்"னு சொன்னார். உடனே எடுத்துட்டாங்க. மிச்சம் 56,500.

வானகரம்–அம்பத்தூர் ரோடு பக்கம் ஜெர்மன் கார் மட்டும் பாக்குற ஒரு ஒர்க்‌ஷாப்ல அதே வேலைக்கு 39,000 சொன்னாங்க. முதல்ல 45,000 வித்தியாசம் மாதிரி தெரிஞ்சது, ஒரே வேலைக்கு ஒரே வேலைன்னு வெச்சுப் பாத்தா 17,500தான். வெளியில கம்மின்னு சொல்றவங்க பல பேர் இந்தக் கணக்கைப் போடுறதே இல்ல.

வண்டியை விடுறதுக்கு முன்னாடி

அந்த ஒர்க்‌ஷாப்ல நாங்க கேட்ட கேள்விகள் இவைதான். நீங்களும் கேளுங்க.

1. எந்த ஸ்கேனர் வெச்சிருக்கீங்க? கம்பெனி சாஃப்ட்வேரோட பேர் பிஎம்டபிள்யூவுக்கு இஸ்டா, மெர்சிடிஸுக்கு ஜென்ட்ரி, ஃபோக்ஸ்வாகன் குரூப்புக்கு ஒடிஸ். இல்ல, அதுக்கு இணையான வேற கருவின்னாலும் சரி, என் வண்டியில மாட்டிக் காட்டுங்க.

2. என்ன பார்ட் போடப் போறீங்க? கம்பெனி லோகோ போட்ட டப்பாவும் வரலாம், கம்பெனிக்கே சப்ளை பண்ற போஷ், மான், மாலே மாதிரி பிராண்டோட டப்பாவும் வரலாம். ரெண்டுமே சரிதான். "ஓஇஎம் குவாலிட்டி சார்"னு வாயால சொல்றது மட்டும் சரியில்ல. சீல் உடைக்காத டப்பாவைக் காட்டச் சொல்லுங்க.

3. பில்லுல பார்ட் நம்பர், ஆயில் அங்கீகார எண், கிலோமீட்டர் மூணும் வருமா? ஜிஎஸ்டி பில்லா?

4. பழைய பாகங்களைத் திருப்பிக் கொடுப்பீங்களா?

5. வேலையில தப்பு நடந்தா என்ன பண்ணுவீங்க? அதை பில்லுலயே எழுதிக் கொடுப்பீங்களா?

இதுல மூணாவது கேள்விக்குத் தயங்குற இடத்துல இருந்து சாவியை வாங்கிக்கிட்டு வந்துடுங்க. பின்னாடி வாரண்டித் தகராறு வந்தாலும், வண்டியை விக்கப் போனாலும், நுகர்வோர் உதவி எண் 1915க்குப் புகார் பண்ணினாலும் உங்க கையில இருக்கிற ஆதாரம் அந்த பில்தான்.

கடைசியில என்ன பண்ணினார்?

ஆயில், ஃபில்டர், பிரேக் ஃப்ளூயிட் எல்லாம் அந்த ஒர்க்‌ஷாப்ல. எங்க கண் முன்னாடி சீல் உடைச்சாங்க, பழைய ஃபில்டரை ஒரு கவர்ல போட்டுக் கொடுத்தாங்க. சித்தப்பா எதுக்கும் இருக்கட்டும்னு வெர்னியர் எடுத்துட்டு வந்து டிஸ்க் தடிமனை அவரே அளந்தார். தொழில் புத்தி. அடுத்த வாரம் கம்பெனி சர்வீஸ் செண்டருக்குப் போய் ரீகால், சாஃப்ட்வேர் அப்டேட் மட்டும் பாத்துட்டு வந்தார்.

வெளியில செஞ்சதுல ஒரு இழப்பும் இருக்கு, மறைக்க விரும்பல. இப்போ பல சொகுசு கார்களுக்கு சர்வீஸ் புக் டிஜிட்டல், பதிவு கம்பெனி சர்வர்ல இருக்கும். வெளி சர்வீஸ் அதுல ஏறாம போகலாம். அடுத்து வாங்க வர்றவர் "ஃபுல் கம்பெனி ஹிஸ்டரியா?"ன்னு கேட்டா பேரம் கொஞ்சம் இறங்கும். ஒரு வருஷத்துல வண்டியை விக்கிற எண்ணம் இருந்தா, வாரண்டி இன்னும் ஓடிக்கிட்டு இருந்தா, கம்பெனியிலயே விடுங்க. அந்த 17,500 அங்க வீண் செலவு இல்ல. சித்தப்பா இன்னும் அஞ்சு வருஷம் ஓட்டப் போறார், அதனால அவருக்கு வேற கணக்கு.

மெக்கானிக் அண்ணன் கதை என்னாச்சுன்னு கேப்பீங்க. அவர்தான் இன்னமும் எங்க வீட்டு மாருதியையும் ரெண்டு ஸ்கூட்டரையும் பாக்குறார். ரெண்டு வாரம் முன்னாடி சித்தப்பாவுக்குப் போன் பண்ணி, "எலக்ட்ரிக் ஹேண்ட் பிரேக்கைக் கழட்டுற ஸ்கேனர் ஒண்ணு பாத்து வெச்சிருக்கேன். வாங்கட்டுமா?"ன்னு கேட்டிருக்கார். "வாங்கு, முதல் வண்டி என்னோடது"ன்னு சித்தப்பா சொல்லிட்டார். சித்தி மட்டும் இன்னும் ஒத்துக்கல.

உங்க வண்டி சர்வீஸ் எஸ்டிமேட்ல புரியாத வரி ஏதாவது இருந்தா எழுதி அனுப்புங்க, இன்னொரு எபிசோட்ல வரிவரியாப் பிரிச்சுப் பாக்கலாம். அதுவரைக்கும், மேனுவலை டேஷ்போர்டுல இருந்து வெளிய எடுங்க மக்களே.