உடைமுள்ளும் ரப்பர் பாலும்

மேற்குத் தொடர்ச்சி மலை தெற்கே முடியப்போகும் இடத்தில் விட்டிருக்கும் இடைவெளிதான் ஆரல்வாய்மொழிக் கணவாய். நாகர்கோவிலிலிருந்து திருநெல்வேலி போகிறவர்கள் காற்றாலைகளைப் பார்த்தபடியே அதைக் கடந்துவிடுகிறார்கள். நெடுஞ்சாலையை விட்டு மலைப் பக்கம் இறங்கினால் சரள், உருட்டுக்கல், பொத்தை, உடைமரம். சாதாரண சைக்கிளுக்கு இது கொடுமையான தரை. மலைச் சைக்கிளுக்கோ இதுதான் வீடு. கடைக்காரர்கள் அதை எம்டிபி என்பார்கள்.

அது கலிபோர்னியாவில் பிறந்தது. 1970களில் தமால்பைஸ் மலைப் பக்கத்தில் சில இளைஞர்கள் தடித்த டயர் போட்ட பழைய சைக்கிள்களில் மண்பாதை வழியே கீழே பாய்ந்தார்கள். பெடலைப் பின்னுக்கு மிதித்தால் பிடிக்கிற பிரேக் அவற்றில். இறங்கி முடிப்பதற்குள் அது கொதித்து, ஹப்பிலிருந்த கிரீஸ் புகைந்து போய்விடும். ஒவ்வொரு முறையும் பிரித்துப் புது கிரீஸ் அடைக்க வேண்டும். 1977இல் அவர்களில் ஒருவரான ஜோ பிரீஸ் இந்தத் தரைக்கென்றே தனி ஃபிரேம் கட்டத் தொடங்கினார். 1996இல் அட்லாண்டாவில் மலைச் சைக்கிள் பந்தயம் ஒலிம்பிக் போட்டியாகவும் ஆனது.

இந்த வண்டியில் எல்லாமே ஒரே வேலைக்காகத்தான்: டயர் தரையை விடக் கூடாது. டயர் அந்தரத்தில் இருக்கும் கணத்தில் பெடலும் பயன்படாது, பிரேக்கும் பிடிக்காது. அதனால்தான் காற்றைக் குறைத்து அடிக்கிறார்கள். ஒடுங்கிய டயர் போட்ட ரோடு சைக்கிளில் 80 முதல் 100 பிஎஸ்ஐ அழுத்தம் வரை ஏற்றுவது வழக்கம். இதில் 20 முதல் 30 போதும். இளகிய டயர் கல்லின் மேல் துள்ளாமல் அதன்மேல் படிந்து ஏறும். டயரால் சமாளிக்க முடியாத பள்ளத்தை முன் ஃபோர்க்கின் சஸ்பென்ஷன் வாங்கிக்கொள்கிறது. அதில் ஸ்பிரிங் மட்டும் இருந்தால் போதாது. அமுங்கிய ஸ்பிரிங் அதே வேகத்தில் எகிறும். உள்ளே எண்ணெய் சிறு துளைகள் வழியே ஓடி அந்த எகிறலை அடக்க வேண்டும். நம் ஊர்க் கடைகளில் பிள்ளைகளுக்கு வாங்கித் தரும் மலிவான ‘ஷாக்’ சைக்கிள்களில் பெரும்பாலும் அந்த எண்ணெய் ஏற்பாடு கிடையாது. பார்க்க எம்டிபி மாதிரி இருக்கும் அந்த வண்டியில் செங்குத்தான இறக்கத்தில் போவது ஆபத்து. பெற்றோர் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும்.

ஏற்றத்துக்குக் கியர். முன்னால் 32 பல், பின்னால் 51 பல் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெடல் ஒரு சுற்று முழுதாகச் சுற்றினாலும் சக்கரம் முக்கால் சுற்றைக்கூட எட்டாது. 29 அங்குலச் சக்கரத்தில் பெடலின் ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ ஒன்றரை மீட்டர்தான் நகர்வோம். நடையின் வேகம்தான், ஆனால் இறங்கித் தள்ள வேண்டியதில்லை.

உடைமுள்ளுக்குக் குமரி மாவட்டத்துக்காரர் கேட்டு மகிழக்கூடிய தீர்வு ஒன்று உண்டு. ட்யூப் இல்லாத டயருக்குள் ஊற்றும் சீலன்ட் திரவம் பலவற்றில் முக்கியப் பொருள் ரப்பர் பால். முள் குத்தியதும் காற்றோடு பாலும் ஓட்டையை நோக்கி ஓடும்; அதில் கலந்த இழைகள் அடைக்க, பால் அங்கேயே உறைந்துவிடும். ரப்பர் மரத்தின் வெட்டுவாயில் ஒட்டுப்பால் காய்ந்து நிற்பது போலத்தான். ஆனாலும் இரண்டு மூன்று மாதத்தில் டயருக்குள்ளேயே காய்ந்துவிடும் என்பதால் மறுபடி ஊற்ற வேண்டும்.

எந்தக் கியருக்கும் சவால் இங்கத்திய காற்று. தென்மேற்குப் பருவக்காற்று மலை இடுக்கில் நெருக்கப்பட்டு வேகம் கூடி, கணவாயை ஒட்டிய முப்பந்தல் பக்கம் பாய்கிறது. காற்றாலைகள் இங்கே குவிந்ததற்கு அதுவே காரணம். காற்றின் தடை வேகத்தின் வர்க்கமாக ஏறும். மணிக்கு 40 கிலோமீட்டர் எதிர்காற்றில் 10 கிலோமீட்டர் வேகத்தில் போகிறவர் 50 கிலோமீட்டர் காற்றைக் கிழிக்கிறார். காற்றே இல்லாத நாளை விட 25 மடங்கு தடை! ஆனி, ஆடியில் முப்பந்தலிலிருந்து மேற்கே திரும்பும் பாதையைத் தட்டையானது என்று நம்பிக் கிளம்பாதீர்கள். போகும்போது எதிர்காற்று, வரும்போது முதுகுக்காற்று என்று திட்டமிடுவதே நல்லது.

பொய்கை அணைப் பக்கச் சாலை, குளத்துக் கரைகள், மலையடிவார வண்டிப்பாதைகள் பழகுவதற்குப் போதும். காற்றாலைக்குப் போகும் மண்சாலைகளில் காவலாளியிடம் கேட்டுவிட்டு நுழையுங்கள். அதற்கு மேலே கன்னியாகுமரி வனவிலங்குச் சரணாலயம். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதியில்லாமல் அதற்குள் போகக் கூடாது. ஓசையில்லாமல் வேகமாக இறங்கி வரும் சைக்கிள், வளைவில் நிற்கும் யானைக்கு எந்த முன்னறிவிப்பும் தராது.