தும்பறை மலையில் நாயும் கூடாரமும்

நாயோடு காட்டுப்புறத்தில் கூடாரம் அடித்துத் தங்குவது பற்றிக் கிடைக்கும் அறிவுரைகள் பலவும் வறண்ட நாடுகளிலிருந்து வந்தவை. ஆஸ்திரேலியாவின் உட்பகுதி, அமெரிக்காவின் நெவாடா, அரிசோனா போன்ற இடங்களில் நாயோடு சுற்றியவர்கள் எழுதியவை அவை. தண்ணீர், தண்ணீர், மேலும் தண்ணீர் என்பதே அவற்றின் சாரம். கண்டியிலிருந்து நக்கிள்ஸ் எனப்படும் தும்பறை மலைத்தொடருக்குப் புறப்படும் நாய்க்கு இது பாதிதான் பொருந்தும். மலையின் மேற்குப் பக்கத்தில் கால் வைத்த இடமெல்லாம் ஓடை. ஆனால் அங்கேதான் நாய்க்கு உடற்சூடு ஏறி ஆபத்தாகும் வாய்ப்பு பலரும் நினைப்பதைவிட அதிகம்.

காரணம் நாயின் உடலமைப்பு. வெப்பத்தைத் தணிக்க மனிதருக்கு உடல் முழுவதும் வியர்க்கும். நாய்க்கு அப்படி வியர்ப்பது உள்ளங்கால் மெத்தைகளில் மட்டுமே. அது உடலைக் குளிர்விக்கக் காணாது. அதன் குளிரூட்டி நாக்கும் மூக்கும்தான். இளைக்கும் நாய் பெரும்பாலும் மூக்கால் காற்றை இழுத்து வாயால் விடுகிறது. மூக்குக்குள்ளும் நாக்கின் மேலும் உள்ள ஈரம் ஆவியாகும்போது இரத்தத்தின் சூட்டையும் எடுத்துச்செல்கிறது. ஒரு கிராம் நீர் ஆவியாக ஏறத்தாழ 580 கலோரி வெப்பம் தேவை. நிமிடத்துக்கு 300 தடவைக்கு மேல் இளைத்தாலும் நாய் களைத்துப்போவதில்லை. மார்புக்கூட்டின் இயல்பான அதிர்வு வேகத்தோடு அந்த இளைப்பு ஒத்துப்போவதால் தசைகளுக்கு வேலை குறைவு.

இந்த ஏற்பாடு முழுவதும் ஒரு நிபந்தனையில் நிற்கிறது: உள்ளே போகும் காற்று காய்ந்திருக்க வேண்டும். 40 பாகை செல்சியஸ் சூடும் 15 வீத ஈரப்பதமும் உள்ள பாலைவனக் காற்றில் ஒரு கன மீற்றருக்கு 8 கிராம் அளவுக்கே நீராவி இருக்கும். நாயின் உடற்சூட்டில் அதே காற்று 46 கிராம் வரை தாங்கும். ஆக, 38 கிராம் நீரை ஏற்றிக்கொள்ள இடம் இருக்கிறது. மழை விட்டுவிட்டுப் பெய்யும் நாளில் 28 பாகையும் 90 வீத ஈரப்பதமும் உள்ள மலைச்சாரல் காற்றிலோ ஏற்கெனவே 24 கிராமுக்கு மேல் ஆவி நிறைந்திருக்கும். மிச்சமிருக்கும் இடம் 22 கிராமுக்குச் சற்றுக் கீழே. குளிர்ச்சியாகத் தோன்றும் காற்றுத்தான். ஆனால் நாய் இழுக்கும் ஒவ்வொரு மூச்சுக்கும் கிடைக்கும் பயன் பாலைவனத்தில் கிடைப்பதில் ஏறக்குறைய பாதி. சும்மா படுத்திருக்கும் நாயை இது பாதிக்காது. செங்குத்தான ஒற்றையடிப் பாதையில் இரண்டு மணி நேரம் ஏறும் நாயின் தசைகள் வெப்பத்தை உண்டாக்கிக்கொண்டே இருக்கும். அதை வெளியே தள்ள வழி போதாது. நாயின் இயல்பான உடற்சூடு 38.3 முதல் 39.2 பாகை வரை. 41ஐத் தாண்டினால் குடலும் சிறுநீரகமும் மூளையும் கெடத் தொடங்கும்.

பக், புல்டோக் போன்ற சப்பை மூக்கு நாய்களுக்கு இந்தக் குளிரூட்டியே குறைப்பட்டது. அவற்றை மலைக்குக் கொண்டுவராமல் இருப்பதே நல்லது. கண்டியில் இப்போது ஹஸ்கி வளர்ப்பவர்களும் உண்டு. அந்த ரோமப் போர்வையோடு அதை ஏற்றத்தில் நடத்துவது கொடுமை. குட்டை ரோமமும் நீண்ட மூக்கும் கொண்ட ஊர் நாய் இந்த மலைக்கு எல்லா வகையிலும் மேல்.

நாக்கு அகன்று தொங்கி, ஈறு செங்கல் நிறமாகி, நடை தள்ளாடினால் முதல் வேலை குளிரூட்டுவது. வாகனம் தேடுவது இரண்டாவது வேலை. ஓடைத் தண்ணீரை உடல் முழுவதும் ஊற்றி விசிற வேண்டும். குளிர்ந்த நீர் அதிர்ச்சி தரும் என்ற பழைய பயத்தை இன்றைய கால்நடை மருத்துவம் கைவிட்டுவிட்டது. ஈரத் துவாயால் போர்த்தி வைத்தால் சூடு உள்ளேயே அடைபடும்.

பாலைவன அறிவுரை பொருந்தும் இன்னொரு பாதியும் இதே மலையில் இருக்கிறது. கண்டி நகர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 500 மீற்றர் உயரத்தில் உள்ளது. மஹியங்கனை வீதியில் உடுதும்பறையைத் தாண்டி, பதினெட்டு வளைவுகளையும் இறங்கி ஹசலக்கவை அடையும்போது நாடே மாறிவிடும். தென்மேல் பருவக்காற்று மலையின் மேற்குச் சரிவில் ஏறி மழையைக் கொட்டிவிட்டு, கிழக்குச் சரிவில் வெறுங்கையோடு இறங்குகிறது. முகிலோடு ஏறும் காற்று கிலோமீற்றருக்கு ஆறு பாகை அளவில் குளிரும்; காய்ந்து இறங்கும் காற்று கிலோமீற்றருக்குப் பத்துப் பாகை சூடேறும். மட்டக்களப்புப் பக்கத்தில் கச்சான் என்று சொல்லும் அனல் காற்று இதுதான். ஜூன் முதல் செப்டெம்பர் வரை கிழக்கு அடிவாரத்தில் புல் கருகி, சிற்றோடைகள் வற்றியிருக்கும். மலையின் ஒரு பக்கத்தில் குடை பிடிக்கும் அதே நாளில் மறுபக்கத்தில் நாய்க்குத் தண்ணீர் சுமக்க வேண்டும்.

எவ்வளவு சுமப்பது? ஓய்வாக இருக்கும் நாய்க்கு ஒரு நாளைக்கு உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் 50 முதல் 60 மில்லிலீற்றர் நீர் தேவை. 15 கிலோ நாய்க்கு ஒரு லீற்றருக்குச் சற்றுக் குறைவு. வெயிலில் நடந்தால் அது இரண்டு மூன்று மடங்காகும். ஒரு நல்ல செய்தியும் உண்டு. அமெரிக்க உடலியலாளர் டேவிட் புரூஸ் டில் 1930களில் நெவாடாவின் போல்டர் சிட்டியை அண்டிய பாலைவனத்தில் மனிதருடைய உடலும் நாயின் உடலும் வெப்பத்தை எப்படிச் சமாளிக்கின்றன என்று ஆராய்ந்தார். நீரிழந்த மனிதர் தாகம் அடங்கியதாக நினைத்துப் பாதியில் குவளையைக் கீழே வைத்துவிடுவார். நாயோ இழந்த அளவைச் சில நிமிடங்களில் குடித்து ஈடுசெய்துவிடும். அதனால் நாய்க்கு எவ்வளவு தேவை என்று கணக்குப் பார்த்துப் புகட்ட வேண்டியதில்லை. கிண்ணத்தை நீட்டினால் போதும்.

கிழக்குப் பக்கத்தில் வெறும் பாறைகளும் இருக்கின்றன. நண்பகலில் அவை நாயின் கால் மெத்தையைச் சுட்டுவிடும். புறங்கையைப் பாறையில் ஐந்து விநாடி வைத்துப் பார்க்க முடியாவிட்டால் நாயையும் நடத்தக்கூடாது.

மேற்குச் சரிவின் அடையாளம் அட்டை. கண்டி இராச்சியத்தில் 1660 முதல் 1679 வரை சிறைப்பட்டிருந்த ஆங்கில மாலுமி றொபர்ட் நொக்ஸ், 1681இல் வெளியான தன் நூலில் இந்த அட்டைகளைப் பற்றி எழுதியிருக்கிறார். எலுமிச்சைத் துண்டையும் உப்பையும் துணியில் முடிந்து ஒரு கம்பின் நுனியில் கட்டி, காலில் ஏறும் அட்டையை அதனால் ஒற்றி விழச்செய்வது அன்றைய கண்டியர் சிலரின் வழக்கம். முந்நூற்று நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகும் அதைவிடப் பெரிய கண்டுபிடிப்பு எதுவும் வந்துவிடவில்லை. மனிதருக்கு அது சரி. நாயின் விரலிடுக்கிலும் காதுமடலின் உட்புறத்திலும் கண் இமையின் ஓரத்திலும் ஒட்டியிருக்கும் அட்டைக்கு உப்பும் எலுமிச்சையும் ஆகாது. நாய்க்கு எரியும், அட்டையும் தன் வயிற்றில் உள்ளதைக் காயத்துக்குள்ளேயே கக்கக்கூடும். அட்டையின் இரு முனைகளிலும் உறிஞ்சிகள் உண்டு. கடிப்பது ஒடுங்கிய முனை. தோலோடு ஒட்டி நகத்தை வைத்து அந்த முனையை முதலில் நெம்பினால் பிடி விடும். பிறகு மற்ற முனை. இரத்தம் உறையாமல் இருக்க அட்டை செலுத்தும் பொருள் காயத்தில் தங்கிவிடுவதால், அட்டை போன பிறகும் நெடுநேரம் கசியும். நாய் அதை நக்கி நக்கிக் கசிவை நீட்டிக்கும். ஐந்து நிமிடம் துணியை அழுத்திப் பிடித்தால் போதும்.

தரை அட்டையைவிடத் தொல்லை தருவது மூக்கட்டை. தெற்காசிய மலை ஓடைகளில் வாழும் இந்த வகை, தண்ணீர் குடிக்கக் குனியும் விலங்கின் மூக்குக்குள் நூல்போல் நுழைந்து, அங்கேயே வாரக்கணக்கில் தங்கிப் பருக்கும். ஒரு மூக்குத் துளையில் மட்டும் இரத்தம் வழிவதும் ஓயாத தும்மலும் இதன் அறிகுறிகள். நாயைச் சில மணி நேரம் தண்ணீர் காட்டாமல் வைத்திருந்து, பிறகு ஒரு கிண்ணம் தெளிந்த நீரை மூக்கருகே பிடித்தால், ஈரத்தை நாடி அட்டை தலையை வெளியே நீட்டும். அந்தக் கணத்தில் இடுக்கியால் பிடிக்க வேண்டும். நழுவினால் மறுபடியும் காத்திருக்க வேண்டியதுதான். வடிகட்டிய நீரைக் கிண்ணத்தில் கொடுத்து, ஓடையில் வாய் வைக்க விடாதிருந்தால் இந்தச் சிரமம் இல்லை. எலிக்காய்ச்சல் கிருமியும் தேங்கிய நீரில்தான் காத்திருக்கிறது. அதற்குத் தடுப்பூசி உண்டு.

உண்ணி அட்டையைப்போல அருவருப்பூட்டுவதில்லை. அதனாலேயே பலர் கவனிப்பதில்லை. ஆனால் நாயைக் கொல்லக்கூடியது உண்ணிதான். இலங்கை நாய்களிடம் பரவலாகக் காணப்படும் பபீசியா கிப்சோனி என்ற ஒட்டுண்ணி சிவப்பணுக்களுக்குள் புகுந்து அவற்றைச் சிதைக்கிறது. அதைச் சுமக்கும் உண்ணி நாயைக் கடித்த உடனேயே நோயைக் கடத்துவதில்லை; இரண்டு மூன்று நாள் ஒட்டியிருந்து உறிஞ்ச வேண்டும். ஒவ்வோர் இரவும் கூடாரத்துக்குள் போகுமுன் டோர்ச் வெளிச்சத்தில் காது, அக்குள், தொடையிடுக்கு, விரலிடுக்கு, வாலடி என்று விரலால் தடவித் தேடினால் பெரும் ஆபத்து விலகிவிடும். எர்லிக்கியா என்னும் மற்றக் கிருமிக்கு அத்தனை நேரம் வேண்டாம். சில மணி நேரமே போதும். அதனால் தேடுவதோடு மருந்தும் வேண்டும்.

மருந்தில் ஒரு சிக்கல் இருக்கிறது. முதுகில் விடும் துளி மருந்துகளில் உள்ள பிப்ரோனில், இமிடாகுளோப்ரிட் ஆகியவை தண்ணீரில் கரைந்து நீர்ப்பூச்சிகளைக் கொல்பவை. நாய்களிடமிருந்து கழுவப்பட்டு ஆறுகளில் சேர்ந்த இந்த நஞ்சுகளைப் பிரித்தானிய ஆய்வாளர்கள் அளந்து காட்டியிருக்கிறார்கள். நக்கிள்ஸின் ஓடைகளை நம்பி வாழும் உயிர்களில் பல உலகில் வேறெங்கும் இல்லாதவை. பிட்டவல பத்தனைப் புல்வெளியின் ஈரப் பாறைகளில் ஒட்டிக்கிடக்கும் பளிங்குப் பாறைத் தவளை அவற்றுள் ஒன்று. துளி மருந்திட்ட நாயை இரண்டு நாளில் ஓடையில் குளிக்க விடுவதைவிட, உண்ணிக்கான வாய்வழி மாத்திரையைக் கால்நடை வைத்தியரிடம் கேட்டு வாங்குவது நல்லது.

நாய்க்கு இரவில் உள்ள ஆபத்து சிறுத்தை. இலங்கையில் புலியும் சிங்கமும் இல்லாததால் காட்டின் உச்சியில் நிற்பது சிறுத்தையே. அது காட்டோடு நிற்பதும் இல்லை. தேயிலை மலைகளுக்கும் லயங்களின் ஓரத்துக்கும் வந்து நாயைத் தூக்கிச்செல்வது மலையகத்தில் புதிதல்ல. சங்கிலியில் கட்டி வெளியே விடப்பட்ட நாய் தப்பவும் முடியாது, எதிர்க்கவும் முடியாது. காவலுக்குக் கட்டினோம் என்பது மனிதரின் கணக்கு. சிறுத்தையின் கணக்கு வேறு. இருட்டியபின் நாய் கூடாரத்துக்குள் அல்லது வாகனத்துக்குள் இருக்க வேண்டும். வஸ்கமுவவை அண்டிய வடகிழக்குப் பக்கத்தில் யானையும் உண்டு. குரைத்துச் சீண்டிவிட்டு எசமானிடமே ஓடிவரும் நாய், யானையையும் பின்னால் கூட்டி வரும்.

பகலில் மனிதர் வைத்த பொறிகள். காட்டுப்பன்றிக்காகத் தோட்ட ஓரங்களில் கட்டும் சுருக்குக் கம்பி சிறுத்தையையும் நாயையும் வேறுபடுத்தாது. ஹக்க பட்டாஸ் என்று கிராமங்களில் சொல்லும் வெடியுணவு அதைவிடக் கொடியது. இரைக்குள் மறைத்த வெடிமருந்து கடித்ததும் வெடித்துத் தாடையைச் சிதறடிக்கும். மோப்பம் பிடித்து எதையும் வாயில் எடுப்பது நாயின் இயல்பு. வாரைக் கழற்றாமல் நடத்துவதற்கு இதைவிட வேறு காரணம் தேவையில்லை. சருகுக்குள் கிடக்கும் கூர்மூக்குக் குழிவிரியனும் அப்படியே: அதன் நஞ்சுக்கு, இலங்கையில் பயன்படும் இந்தியத் தயாரிப்பான பன்னஞ்சு முறிமருந்து வேலை செய்யாது.

இந்த மலைநாட்டில் நாய்க் கூட்டத்தோடு முகாமிட்டவர்களில் பெயர்பெற்றவர் சாமுவேல் பேக்கர். 1848 முதல் நுவரெலியாவில் குடியேறியிருந்த இந்த ஆங்கிலேயர் துப்பாக்கியை விட்டு, நாய்களையும் கத்தியையும் மட்டும் கொண்டு மரைகளை வேட்டையாடினார். நாள்கணக்கில் காட்டில் தங்கி ஆடிய அந்த வேட்டைகளில் காட்டுப்பன்றியின் தந்தத்துக்கும் மரையின் கொம்புக்கும் நாய்கள் பல இரையாயின. அவர் நாய்களை ஓட்டிய ஹோட்டன் சமவெளி 1988 முதல் தேசியப் பூங்கா. இன்று அங்கே வளர்ப்பு விலங்கு எதையும் கொண்டுபோக முடியாது.

அந்தத் தடைக்குக் காரணம் வேட்டை மட்டுமல்ல. 1994இல் தன்சானியாவின் செரங்கெட்டியில் சிங்கங்களில் மூன்றில் ஒரு பங்கை அழித்த டிஸ்டெம்பர் வைரஸ், சுற்றுக் கிராமங்களின் நாய்களோடு தொடர்புபடுத்தப்பட்டது. நக்கிள்ஸில் நரியும் மீன்பிடிப் பூனையும் மரநாயும் உண்டு. நீர்வெறுப்பு நோய்க்கும் டிஸ்டெம்பருக்கும் போடும் தடுப்பூசி நாயைக் காப்பதோடு அவற்றையும் காக்கிறது. 2000ஆம் ஆண்டு பேணற்காடாக அறிவிக்கப்பட்டு, 2010இல் மத்திய மலைநாட்டின் ஒரு பகுதியாக யுனெஸ்கோ உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்த நிலம் இது. வனத் திணைக்களத்தின் அனுமதி இல்லாமல் உள்ளே கூடாரம் அடிக்க இயலாது. நாயோடு தங்க விரும்புவோருக்கு ரங்கல, ஹுன்னஸ்கிரிய, மீமுரே போன்ற ஊர்களில் காட்டெல்லைக்கு வெளியே உள்ள தனியார் காணிகளே ஏற்றவை.

வீடு திரும்பியதும் விஷயம் முடிவதில்லை. உண்ணிக் காய்ச்சல் வெளிப்பட ஒரு மாதம் வரை ஆகலாம். நாய் சோர்ந்து, உணவை மறுத்து, ஈறு வெளுத்து, சிறுநீர் தேநீர் நிறத்தில் போனால் அதே நாளில் வைத்தியரிடம் காட்ட வேண்டும். பேராதனைப் பல்கலைக்கழகத்தின் கால்நடை மருத்துவ போதனா வைத்தியசாலை கண்டி நகரிலிருந்து தூரமில்லை. நாய் எந்த மலையில், எத்தனை நாள் தங்கியது, எந்த மருந்து போடப்பட்டது என்பதை முதலிலேயே சொல்லிவிட்டால் ஒரு துளி இரத்தப் பூச்சில் எதைத் தேடுவது என்பது வைத்தியருக்குத் தெரியும். பபீசியாவில் பிழைத்த நாயின் உடலில் ஒட்டுண்ணி முழுதாக ஒழிவது அரிது; பிறகு வேறு நோயால் பலவீனப்படும்போது காய்ச்சல் திரும்பலாம். அந்த நாயின் இரத்தத்தை வேறு நாய்க்கு ஏற்றக்கூடாது.