துணைக்கு வந்தவரின் ரத்த அழுத்தம்

பக்கவாதத்தில் விழுந்த தகப்பனாரையோ, ஞாபகம் தப்பிப்போன மாமியாரையோ ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்து, அவர்களுடைய பழைய சீட்டுகளை மஞ்சள் பையிலிருந்து ஒன்றன்பின் ஒன்றாக எடுத்து மேஜைமீது அடுக்கும் பெண்மணிகளைப் படப்பைப் பக்கத்து வைத்தியர்கள் நாள்தோறும் பார்க்கிறோம். வெறும் வயிற்றில் சர்க்கரை எவ்வளவு, சாப்பிட்ட பின் எவ்வளவு என்று பள்ளிக்கூட நோட்டில் கோடு கிழித்து எழுதி, கூடுதலாக இருந்த நாளைச் சிவப்பு மையில் காட்டி, சிறுநீர்க் குழாய் மாற்றிய தேதியை ஓரத்தில் குறித்து வைத்திருக்கும் ஓர் அம்மாளிடம், "உங்களுக்கு பிரஷர் பார்த்து எவ்வளவு நாளாயிற்று?" என்று கேட்டால், "எனக்கென்ன சார், நல்லாத்தான் இருக்கேன்" என்று சிரிக்கிறார், கையில் பட்டையைக் கட்டிப் பார்த்தால் மேல் அளவு 180-ஐத் தாண்டி நிற்கிறது.

இப்படிப்பட்டவர்கள் சமீப காலத்தில் பெருகியிருக்கிறார்கள். ஒரகடம் தொழிற்சாலைகளில் ஷிப்டு முறையில் வேலை பார்க்கும் பிள்ளைகள் பகலில் தூங்குகிறார்கள். கூட்டுக் குடும்பம் போய்விட்டது. படுக்கையோடு படுக்கையாகிவிட்ட பெரியவருக்குச் சிசுரூஷை செய்யும் பொறுப்பு முழுவதும் ஒரு மகள் அல்லது மருமகளின் தலையில் விழுகிறது. அவர் தமக்காக வைத்தியரிடம் வருவது மிகவும் தாமதமாகத்தான். வந்தாலும் தலைவலி, முதுகுவலி, நெஞ்சுப் படபடப்பு என்றுதான் சொல்வாரே ஒழிய, மனத்துக்குள் இருக்கும் கிலேசத்தைப் பிரஸ்தாபிக்கவே மாட்டார்.

மழைக் காலத்துப் பயம்

2015 டிசம்பரில் அடையாறு கரைபுரண்டு முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கியதைக் கண்ட குடும்பங்களில், ஐப்பசி மாதத்து மேகம் கறுத்ததுமே நித்திரை போய்விடுகிறது. நடக்க முடியாதவரை மாடிக்கு எப்படித் தூக்குவது என்ற நினைப்பு ஒன்றே போதும், மனுஷியை அரைத்துவிட. அந்தப் பயம் அர்த்தமற்றதென்று நான் சொல்லமாட்டேன். யார் யார் வந்து தூக்குவது, எந்த வீட்டு மாடி, பத்து நாள் மருந்தை எந்த டப்பாவில் நனையாமல் வைப்பது என்பவற்றைப் புரட்டாசியிலேயே அக்கம்பக்கத்தாரோடு பேசி முடிவு செய்துவிட்டால், பயத்தில் பாதி குறைவதைப் பிரத்தியட்சமாகக் காணலாம்.

வீட்டில் உலவும் அபிப்பிராயங்கள்

"பெற்றவர்களைப் பார்த்துக்கொள்வதில் களைப்பென்ன, அது புண்ணியமல்லவா?" என்பது முதலாவது. புண்ணியந்தான், ஆனால் புண்ணியம் செய்கிற தேகமும் தேகந்தானே. நோயுற்ற கணவனையோ மனைவியையோ கவனித்துக்கொண்டு, அந்தச் சுமையால் நைந்துபோயிருந்த முதியவர்களை, அத்தகைய பொறுப்பில்லாத முதியவர்களோடு ஒப்பிட்டு நான்கு ஆண்டுகள் கவனித்த ஓர் அமெரிக்க ஆராய்ச்சி 1999-இல் வெளிவந்தது. நைந்துபோனவர்களுக்கு மரண அபாயம் 63 சதவிகிதம் அதிகம் என்று அது கண்டது. நம் ஊர்க் கதை வேறு என்பாருக்கும் பதில் உண்டு. டாக்டர் சாரதா மேனன் 1984-இல் சென்னையில் தோற்றுவித்த 'ஸ்கார்ஃப்' நிறுவனத்தார், நீண்டகால மனநோயாளிகளின் குடும்பத்தார் சுமக்கும் பாரத்தை அளப்பதற்கென்றே 40 கேள்விகள் கொண்ட ஓர் அளவுகோலை வகுத்து 1998-இல் வெளியிட்டார்கள். வெறும் மனப்பிராந்தியாக இருந்தால் அளவுகோல் எதற்கு?

"கோபம் வருகிறதே, எனக்குப் பாசமில்லையோ" என்று தங்களையே நொந்துகொள்கிறவர்கள் பலர். சாப்பிட்டு முடித்த மறுகணமே "சோறு போடவில்லை" என்று பெரியவர் தெருவுக்குக் கேட்கும்படி கத்தும்போது, ஒரு வாரமாகச் சேர்ந்தாற்போல் மூன்று மணி நேரம் தூங்காதவருக்குக் கோபம் வராவிட்டால்தான் ஆச்சரியம். "சீக்கிரம் போய்ச் சேர்ந்தால் தேவலை" என்று ஒரு கணம் தோன்றுவதுகூட, பெரும்பாலும், தூக்கமின்மையும் ஆயாசமும் பேசுகிற பேச்சு, பாவமன்று. ஆனால் கை ஓங்கிவிட்டது என்றாலோ, "நானும் கூடவே போய்விட்டால் என்ன" என்ற எண்ணம் தலைகாட்டினாலோ, அன்றைக்கே, அந்த மணி நேரத்திலேயே, பக்கத்தில் இருப்பவரிடம் வாய்விட்டுச் சொல்லவேண்டும். 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் எந்நேரமும் காசில்லாமல் பேசலாம், தமிழிலேயே பேசலாம்.

மனநல வைத்தியரிடம் போனால் பைத்தியம் என்று ஊர் பேசும் என்பது மற்றொன்று. ஊர் எதைத்தான் பேசாமலிருக்கிறது! இதற்கு உறவான இன்னொரு அபிப்பிராயம், மனச்சோர்வு மருந்தை ஒரு தடவை தொட்டால் ஆயுள் முழுவதும் விடாது என்பது. அந்த மருந்துகள் குணம் காட்ட இரண்டு முதல் நான்கு வாரங்கள் ஆகும். திடீரென்று நிறுத்தலாகாது, வைத்தியர் சொல்லும் முறைப்படி குறைத்து விட்டுவிடலாம். போதை தருபவை அல்ல. வேடிக்கை என்னவென்றால், இதற்கு அஞ்சுகிற அதே மனிதர்கள் உண்மையிலேயே பழக்கமாகிவிடும் மாத்திரையைக் கடையில் தாமே கேட்டு வாங்கி விழுங்குகிறார்கள்.

அப்பாவின் மாத்திரையில் பாதி

அல்பிரஸோலம் போன்ற தூக்க மாத்திரைகளைச் சீட்டில்லாமல் விற்கக் கூடாது, விற்றதைப் பதிவேட்டில் எழுதவேண்டும் என்று 2014 முதல் சட்டம் இருக்கிறது. இருந்தும், அப்பாவுக்கு எழுதிக்கொடுத்ததில் பாதியைப் பிட்டுப் போட்டுக்கொள்வதையும், சீட்டைக் காட்டி மறுபடி மறுபடி வாங்குவதையும் யார் தடுப்பது? சில வாரங்களில் பாதி போதாமல் ஒன்றாகும். பிறகு அது இல்லாமல் கண் மூடாது. இதைவிட என் பொறுமையைச் சோதிப்பது, ராத்திரி கத்தாமலிருக்கவேண்டுமென்று நோயாளிக்கு இருமல் மருந்தையும் அவில் மாத்திரையையும் கொடுக்கும் வழக்கம். வயோதிகருக்கு அது புத்தியைக் கலக்கும், சிறுநீரைக் கட்டும். எழுந்து விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால் பராமரிப்பவரின் பாடு இரட்டிப்பாகும். பாலில் ஒரு சிட்டிகை ஜாதிக்காய் போட்டுக் குடிப்பவரோடு எனக்குச் சண்டையில்லை. முழுக் காயை இழைத்துக் குடித்துவிட்டுப் படபடப்போடும் பிதற்றலோடும் வருகிறவரோடுதான் சண்டை. நரம்புத் தளர்ச்சிக்கென்று போட்டுக்கொள்ளும் ஊசிக்குச் செலவழிக்கும் பணத்தில், வாரம் இரண்டு ராத்திரி உதவிக்கு ஓர் ஆயாவை அமர்த்தலாம்.

பரிசோதனை

பராமரிப்பவருக்குப் பார்க்கவேண்டியவை ரத்த அழுத்தம், சர்க்கரை, ஹீமோகுளோபின், தைராய்டு: இந்த நான்கும் போதும்.

கெஞ்சிக் கேட்பது

வீடு தேடி வரும் உதவியை வேண்டாமென்று சொல்லாதீர்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பிரஷர், சர்க்கரை மாத்திரைகளோடு, படுக்கையில் இருப்பவருக்கு இயன்முறைச் சிகிச்சையும் வலி நிவாரணப் பராமரிப்பும் வீட்டிலேயே கிடைக்கும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிந்துகொள்ளுங்கள். பெரியவருக்குப் பார்க்க வரும் நாளில் உங்கள் பெயருக்கும் தனியாக ஒரு சீட்டுப் போடச் சொல்லுங்கள், கூட்டமாக இருக்கிறதே என்று கூச்சப்படாதீர்கள், உங்களைக் கெஞ்சிக் கேட்கிறேன்.

இனி, மாதா மாதம் பணம் அனுப்பிவிட்டதால் கடமை தீர்ந்தது என்று எண்ணியிருக்கும் அண்ணன் தம்பிகளுக்கு. பணம் அவசியந்தான், அதை நிறுத்திவிடாதீர்கள். ஆனால் தீபாவளிக்கு வந்து புடவையைக் கொடுத்துவிட்டு மறுநாளே பஸ் ஏறாமல், நாலு ராத்திரியாவது தங்கிப் பெரியவரின் கட்டிலுக்குப் பக்கத்தில் நீங்கள் படுத்துக்கொள்ளுங்கள். உங்கள் சகோதரி வேறு அறையில் கதவைத் தாழிட்டுக்கொண்டு தூங்கட்டும். சிறுநீர்ப் பையை எப்படிக் காலி செய்வது, எந்தப் பக்கம் புரட்டிப் படுக்க வைப்பது என்பதையெல்லாம் பகலிலேயே அவரிடம் கேட்டுப் பழகிக்கொள்ளுங்கள். நடு ராத்திரியில் கதவைத் தட்டிக் கேட்காதீர்கள்.