பெயர் தப்பினால்?

மாளிகாவத்தைத் தொடர்மாடிகளின் பெயர்ப்பலகைகளில் ‘முகம்மது’ என்னும் ஒரே பெயர் ஆங்கிலத்தில் எத்தனை விதமாய் எழுதப்பட்டிருக்கக் காண்கிறோம்! 2004 டிசம்பர் 26 கடற்கோளின் பின், காணாமற்போனோரைத் தேடக் கொழும்பில் தொண்டர்கள் ஆக்கிய ‘சஹனா’ மென்பொருளுக்கு இத்தகைய பெயர்களே கடுஞ்சோதனை. (சிங்களத்தில் ‘சஹன’ என்றால் நிவாரணம்.) மறு ஆண்டு பாகிஸ்தான் நிலநடுக்கத்திலும் அது கைகொடுத்தது. மூலநிரல் யாவர்க்கும் பொதுவாதலின், வெளியீட்டுக்கு முந்திய வளர்நிலைப் பதிப்பை மாணவரும் மூலநிரலிலிருந்தே தம் கணினியில் அமைத்துச் சோதித்தல் இயலும்.

ஆயினும் முடிவுறாப் பதிப்பில் முகாம்களின் மெய்ப்பட்டியலை ஏற்றலாகாது. கற்பனைப் பெயர்களே போதும். ஒரு முகம்மதை ஓர் எழுத்துக்கூட்டலிற் பதிந்து, வேறொன்றில் தேட வேண்டும். அகப்படாவிடின், மூலநிரல் எந்நாளையது, இட்ட எழுத்துக்கள் யாவை எனக் குறித்து ஆக்கியோர்க்கு அறிவித்தல் முறை. ‘வேலை செய்யவில்லை’ என்ற வெறும் புகாரால் யாது பயன்? சோதனையில் அது ஒரு வழு. முகாம் வாயிலில் நிற்கும் தாய்க்கோ, மகன் இல்லை என்னும் விடை.